வைத்தியரும் வீற்றிருக்கும் நியாயபீடம்

பிரிட்டனில், நோயினாலும் உடற்குறையினாலும் நலிந்தோருக்கு அரசாங்கம் அளிக்கும் 'பிப்' என்னும் உதவித்தொகையைப் பற்றி அதிகாரிகள் பிறப்பிக்கும் உத்தரவுகளில், தீர்ப்பாயத்தின் விசாரணை வரை சென்றவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அண்மை ஆண்டுகளில் மனுதாரருக்குச் சாதகமாக மாற்றப்பட்டிருக்கிறது என்றால், அப்பீடத்தில் அமர்ந்திருப்போர் யார், அவர்கள் எதை அறிந்தவர்கள் என்ற கேள்வி பொதுஜனங்களின் கவனத்துக்கு உரியதேயாகும்.

சட்டம் பயின்ற நீதிபதி ஒருவர், வைத்தியர் ஒருவர், உடற்குறையுடன் வாழ்வதன் சிரமங்களை அனுபவத்தாலோ தொழிலாலோ உணர்ந்தவர் ஒருவர் ஆகிய மூவரும் கூடித் தீர்மானிப்பதே அங்குள்ள ஏற்பாடு. இக்குழுவைச் சுருக்க இடந்தரும் யோசனையொன்றை அந்நாட்டு அரசாங்கம் 2016இல் வெளியிட்டது. அத்தகைய யோசனை எப்போது தலைதூக்கினாலும் நிராகரிக்கப்பட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இவ்வுதவித்தொகைக்கான தகுதியை நிர்ணயிக்கும் விதிகள், சமைக்க முடியுமா என்று கேட்பதோடு நின்றுவிடவில்லை. அபாயமின்றி, ஏற்கத்தக்க விதத்தில், வேண்டியபோதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் சமைக்க முடியுமா என்றும் கேட்கின்றன. மூட்டுவாதத்தால் விரல் மடங்காத ஒரு பெண்மணி, காலையில் எளிய உணவொன்றைத் தயாரித்துவிட்டுப் பிற்பகல் முழுவதும் எழுந்திருக்கமாட்டாமல் கிடக்கிறார் என்றால், அவர் உட்கொள்ளும் மருந்துகளைக் கண்டு வேதனையின் உக்கிரத்தை அனுமானிக்க வைத்தியர் வேண்டும். அந்தப் பிற்பகலைப் பற்றி விசாரிக்கத் தோன்றுவதற்கு மூன்றாமவர் வேண்டும். அன்றாட வாழ்க்கைக்கான பகுதியில், சிரமத்துக்கேற்ப அளிக்கப்படும் 8 புள்ளிகளுக்கு ஒரு தொகை, 12 புள்ளிகளுக்கு அதனினும் உயர்ந்த தொகை என்ற கணக்கில் அவ்வுண்மைகளைப் பொருத்திப் பார்க்க நீதிபதி வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் முதல் இத்தகைய முதல்நிலை வழக்குகளுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி பெரும்பாலும் நின்றுபோனபடியால், வக்கீலின்றி வந்து தயங்கி நிற்பவரிடம் உரிய கேள்விகளைத் தாமே கேட்டு உண்மையை வெளிக்கொணரும் பொறுப்பும் இவர்களையே சார்கிறது.

நிபுணர் தமது சொந்த ஞானத்தையே சாட்சியமாக்கிக்கொள்ளக்கூடும் என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. வைத்தியர் மனத்துக்குள் முடிவு கட்டியதை மனுதாரரிடம் சொல்லிப் பதிலுரைக்க அவகாசம் தராவிட்டால் அது அநீதியே. ஆனால் அதற்குப் பரிகாரம் வெளிப்படையான விசாரணையும் காரணங்களை விளக்கும் தீர்ப்புமேயன்றி, அறிந்தவரை விலக்குவதன்று. இத்துறையின் சட்டச் சிக்கல்களில் தேர்ந்த தீர்ப்பாளர்களின் முடிவுகளில் மேல்நீதிமன்றம் எச்சரிக்கையுடனேயே தலையிட வேண்டும் என்று 2001இல் அந்நாட்டு நீதிபதி ஹேல் கூறியதும் இங்கே கருதத்தக்கது.

சிக்கனம் வேண்டும் அரசாங்கம், விசாரணையில் இத்தனை அதிகமாகக் கவிழ்ந்துபோகும் உத்தரவுகளைப் பிறப்பிக்கும் தனது அலுவலகங்களை முதலில் சீர்திருத்தட்டும். அம்மூவரின் ஆசனங்களில் ஒன்றையும் அகற்றாதிருக்கட்டும்.