டாக்டர் உபாத்தியாயர்

பள்ளி உபாத்தியாயர் ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டார் என்ற செய்தி தெருவில் பரவினால் முதலில் என்ன நடக்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். எதிர் வீட்டுப் பாட்டி, நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். "நான் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, பாட்டி" என்றால், "பின்னே எதற்கப்பா அந்தப் பட்டம்?" என்று கேட்பாள். இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. கல்வித் துறையில் டாக்டர் பட்டத்துக்குப் புறப்படுகிற ஒவ்வொருவரும் பாட்டியின் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

இந்தத் துறையில் ஒரு பிரிவுக்குக் கல்விக் கொள்கையும் நிர்வாக அமைப்பும் என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சர்க்கார் ஓர் உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவு சென்னையில் புறப்பட்டு, இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர் என்று கைமாறிக் கைமாறி வகுப்பறைக்கு வந்து சேருகிறது. புறப்பட்டபோது இருந்த உருவம் வந்து சேர்ந்தபோதும் இருக்கிறதா? இல்லையென்றால், எந்தக் கையில், எதனால் மாறியது? இதைக் கண்டறிவதே அந்த ஆராய்ச்சி.

நம் தேசத்தில் கல்வித் துறைக்கென்று முதல் டாக்டர் பட்டம் பம்பாய் சர்வகலாசாலையில் 1943-இல் வழங்கப்பட்டது. இன்று டில்லியில் இந்தப் பிரிவுக்கென்றே தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம் இருக்கிறது. 1962-இல் யுனெஸ்கோவின் ஆசியப் பிராந்திய மையமாகத் தொடங்கிய அது, 2006-இல் பல்கலைக்கழக அந்தஸ்தைப் பெற்றது. சென்னையில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் ஏற்பட்டது. ஆகவே படிக்க இடமில்லை என்று இன்று ஒருவரும் சொல்ல முடியாது.

திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. திருத்தணியில் 1888-இல் பிறந்து, சைதாப்பேட்டையில் உபாத்தியாயர் பயிற்சி பெற்ற ராதாகிருஷ்ணன்தான், சுதந்திரம் வந்த மறு வருஷம் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர் ஒரு மூலையை மட்டும் அறிந்தவராக நின்றுவிடலாகாது. தம் துறை முழுவதையும் அறிந்திருக்கிறாரா என்பதை நேர்முகத் தேர்வில் பார்க்க வேண்டும் என்று அந்தக் கமிஷன் சொல்லிற்று. ஆழமும் அகலமும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

பட்டத்துக்குப் பதிவு செய்பவர் பலர். முடிப்பவர் எல்லோரும் அல்லர். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செய்தால் மேலும் 2 வருஷம் கிடைக்கும். ஸ்திரீகளுக்கு அதற்கு மேலும் 2 வருஷச் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் விடுப்பும் உண்டு. உத்தியோகம் பார்ப்பவர் தம் நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்துடன் பகுதி நேரமாகப் படிக்கலாம். சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இரண்டு இடங்களில் வண்டி நின்றுவிடுகிறது.

முதலாவது, தலைப்பு. "தமிழ்நாட்டின் கல்விக் கொள்கை: ஓர் ஆய்வு" என்று கம்பீரமாகத் தொடங்குவார்கள். அது கடலை மரக்காலால் அளக்கிற காரியம். மூன்றாம் வருஷத்தில் குறிப்புப் புத்தகங்கள் அலமாரியை நிறைக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் அத்தியாயம் இராது. இரண்டாவது, காலம். பொருளும் காலமும் குறுக்கே நின்றால் மேதைகளும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அம்பேத்கர் 1916-இல் லண்டனில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளம் முடிந்ததால் 1917-இல் திரும்பி வந்தார். 1920-இல் மறுபடி சென்று, 1923-இல் அங்கே டாக்டர் பட்டத்தை முடித்தார். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1925-இல்தான் அச்சேறிற்று. அந்தப் பட்டம் 1927-இல் வந்தது. விட்ட இடத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளும் பிடிவாதமே அவரைக் கரை சேர்த்தது.

தலைப்பைச் சுருக்குவது எப்படி என்பதற்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கமே பாடம் சொல்லும். மாவட்டத்தின் தலைநகரம் திருவள்ளூர். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதானால் சென்னைப் பக்கம் வந்து வேறு வண்டி ஏற வேண்டும். ஒரே மாவட்டத்தின் இரண்டு ஊர்கள் இரண்டு இருப்புப் பாதைகளில் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. பல மாநிலத்துத் தொழிலாளர்கள். சற்று வடக்கே ஆந்திர எல்லை. மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலோ ஒடிஸாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள்.

மழை ஓய்ந்து தை பிறந்தால் சூளை வேலை தொடங்கும், ஆனியோடு முடியும். பள்ளிக்கூடமோ ஜூனில் திறந்து கோடையில் மூடுகிறது. ஆகவே சூளைத் தொழிலாளியின் குழந்தை தன் ஊரில் பாதி வருஷத்தை இழக்கிறது. இங்கே வந்தால், தெரியாத பாஷையில், பாதி முடிந்துவிட்ட வகுப்பில் உட்காருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழந்தையை மறந்துவிடவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று தாமதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஒடியா பாஷை தெரிந்தவர்களைக் கொண்டு சூளைகளின் அருகில் வகுப்புகள் நடத்தப்பட்டதும் உண்டு. சட்டம் இருக்கிறது, நல்லெண்ணமும் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பஞ்சாங்கம் ஒன்று, சூளையின் பஞ்சாங்கம் வேறு. தை மாதத்தில் வருகிற குழந்தையின் பெயரை யார் எழுதுவது? ஆனியில் போகும்போது ஒடிஸாவுக்கு யார் தெரிவிப்பது?

இந்தக் கேள்வியை ஒரே ஒரு வட்டாரத்தில், இரண்டு சூளைப் பருவங்களில், பத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆராயலாம். அது ஒரு மனிதர் முடிக்கக்கூடிய வேலை. அதன் பயனோ தேசம் முழுவதற்கும் உரியது. வேலை தேடி இடம் பெயரும் குடும்பங்கள் இல்லாத மாநிலம் இல்லை. மூலையைப் பார்க்கும்போதே முழு வீட்டையும் அறிந்திருக்க வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் கமிஷன் கேட்டதற்கும் இதுவே வழி.

முடிந்த பிறகும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. ஆராய்ச்சி நூல் "சோத்கங்கா" என்னும் மின்னணுக் களஞ்சியத்தில் சேருகிறது. யாரும் பார்க்கலாம்; ஆனால் அது பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. பதிவேட்டைப் புரட்டிக் காட்டிய தலைமையாசிரியரும், மர நிழலில் உட்கார்ந்து பதில் சொன்ன தாயும் அதைப் படிக்கப் போவதில்லை. சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் ஸ்திரீகள். கண்டதைத் தமிழில் நாலு பக்கமாக எழுதி அந்தக் குழுவின் முன் வாசிக்க வேண்டும். தேர்வாளர்கள் ஒப்புக்கொண்டால் பட்டம் கிடைக்கும். அந்தத் தாய்மார்கள் "ஆமாம், எங்கள் கதை இதுதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் ஆராய்ச்சி முடிந்தது என்போம்.

இருபது வருஷமாகச் சாக்குக்கட்டி பிடித்து வரும் நாம், குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறோம். சட்டம் கொடுக்கிற எட்டு வருஷத்தையும் பத்து வருஷத்தையும் வீடு கொடுத்தால்தான் உண்டு. மாலை வேளையில் ஒரு மணி நேரம் உபாத்தியாயினி அம்மாளின் கைக் கரண்டியை வேறொருவர் வாங்கிக்கொண்டால் ஓர் அத்தியாயம் நகரும். சர்க்கார் தர முடியாத உபகாரச் சம்பளம் இது.

அப்படி ஒரு நாள் பட்டமும் வந்து, எதிர் வீட்டுப் பாட்டியும் கையை நீட்டினால், தயங்க வேண்டியதில்லை. "உங்கள் நாடி எனக்குத் தெரியாது, பாட்டி, நம் பள்ளிக்கூடத்தின் நாடி எங்கே நின்று நின்று ஓடுகிறது என்பது தெரியும்" என்று சொல்லலாம். பாட்டிக்கு அது விளங்கும்.