அந்நியக் கையும் உள்ளூர் ஓட்டையும்

2024 டிசம்பர் 6 அன்று ருமேனியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்நாட்டு அதிபர் தேர்தலை முழுவதுமாக ரத்து செய்தது. இரண்டாம் சுற்று வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருந்தது. வெளிநாடுகளில் வாழும் ருமேனியர்கள் அதற்கான வாக்கை அன்று காலையிலேயே போடத் தொடங்கிவிட்டார்கள். நவம்பர் 24இல் நடந்த முதல் சுற்றில் கலின் ஜார்ஜெஸ்கு என்ற சுயேச்சை ஏறக்குறைய 23 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பிடித்திருந்தார். கருத்துக்கணிப்புகளோ அவருக்கு ஒற்றை இலக்கம்தான் கொடுத்திருந்தன. அவருக்குப் பின்னால் பெரிய கட்சி எதுவும் இல்லை. பிரசாரச் செலவு என்று அவர் கணக்குக் காட்டிய தொகை பூஜ்யம்.

தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு அதிபர் கிளாவ்ஸ் யோஹானிஸ் உளவுத்துறை ஆவணங்களை வெளியிட்டார். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் சுமார் 25,000 டிக்டாக் கணக்குகள் ஜார்ஜெஸ்குவுக்காகத் திடீரென்று மும்முரமானதாக அவை கூறின. அவற்றில் 797 கணக்குகள் 2016இல் தொடங்கப்பட்டு, பல ஆண்டுகள் பெரும்பாலும் சும்மா கிடந்தவை. ஒரே ஒரு கணக்கிலிருந்து மட்டும், அவரைத் தூக்கிப் பிடித்த பயனர்களுக்கு 3,81,000 டாலர் போயிருக்கிறது. அந்தக் கணக்குக்காரர் ருமேனியர்தான். டிக்டாக் விதிப்படி அந்தச் செயலியில் அரசியல் விளம்பரத்துக்கு இடமே கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பிரசாரம் இதைவிட நூதனமானது. இணையப் பிரபலங்களுக்குக் காசு கொடுத்து, நாட்டுக்கு எப்படிப்பட்ட அதிபர் வேண்டும் என்று பேச வைத்தார்கள். யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. வீடியோவின் கீழே பின்னூட்டங்களில் ஜார்ஜெஸ்குவின் பெயர் வந்து குவிந்தது. ரஷ்யாவின் கைவரிசை என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். பிறகு புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் வேறொரு தகவலை வெளியிட்டார்கள்: அந்தப் பிரசாரத்துக்குப் பணம் தந்தது உள்நாட்டுக் கட்சியான தேசிய லிபரல் கட்சி என்று வரித்துறை கண்டறிந்திருக்கிறது. தங்கள் பிரசாரத்தை வேறு யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று அக்கட்சி விளக்கம் சொன்னது.

ரஷ்யாவை நோக்கிக் கைகாட்டியவை உளவுத்துறை அறிக்கைகள். நீதிமன்றம் சுட்டிய குற்றங்களோ கணக்கில் வராத பணமும் ஒளிவுமறைவான இணையப் பிரசாரமும்தான். இவை இரண்டும் உள்நாட்டுத் தேர்தல் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதிகள். பட்டிதொட்டியெல்லாம் முகம் தெரிந்த ஒரு வேட்பாளர் ஒரு காசு செலவில்லை என்று கணக்குக் காட்டினால், அது எப்படி என்று வாக்குப்பதிவுக்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டு, டிசம்பர் 2இல் அதே முதல் சுற்று செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், நான்கு நாளில் மொத்தத் தேர்தலும் செல்லாது என்றது. தேர்தலை ரத்து செய்ய ரகசிய உளவுத் தகவலை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஐரோப்பிய கவுன்சிலின் வெனிஸ் ஆணையம் எழுதியது. ஜார்ஜெஸ்கு மீண்டும் போட்டியிடத் தடை வந்தது. ஆனால் அவர் பக்கம் நின்ற வாக்குகள் கரையவில்லை. மே 4இல் நடந்த புதிய முதல் சுற்றில், அவரை ஆதரித்த ஜார்ஜ் சிமியோன் சுமார் 41 சதவீதம் வாங்கினார். மே 18இல் நிகுஷோர் டான் 53.6 சதவீதம் பெற்று அதிபரானார். காலம் கடந்த வைத்தியம் நோயைவிடச் செலவு பிடித்தது.

தலையீடு என்பது சமூக வலைத்தளங்களோடு பிறந்த சங்கதி அல்ல. 1796 அமெரிக்க அதிபர் தேர்தலில் பிரெஞ்சுத் தூதர் பியேர் அடே, ஜெஃபர்சன் ஜெயிக்க வேண்டும் என்று பத்திரிகை வழியாகவே பகிரங்கமாக வேலை செய்தார். ஜான் ஆடம்ஸ் 71க்கு 68 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தார். 1948இல் இத்தாலியில் கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாது என்று அமெரிக்க சி.ஐ.ஏ. பணத்தை இறக்கியது. 1946 முதல் 2000 வரை அமெரிக்கா 81 தேர்தல்களிலும், சோவியத் ஒன்றியமும் பிறகு ரஷ்யாவும் 36 தேர்தல்களிலும் தலையிட்டதாக அரசியல் அறிஞர் டோவ் லெவின் கணக்கிட்டிருக்கிறார். இன்று புகார் சொல்லும் நாடுகளில் சில, நேற்று அதே வேலையைச் செய்தவை.

தலையீட்டில் மிகவும் பயப்படுத்துவது வாக்கு எண்ணிக்கையில் கைவைப்பது. அதுவே தடுக்கவும் எளிதானது. 2014 மே மாதம் உக்ரைன் அதிபர் தேர்தலின்போது மத்தியத் தேர்தல் ஆணையத்தின் கணினிகளில் ஊடுருவியவர்கள், ஒரு போலி முடிவுப் பக்கத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். தீவிர வலதுசாரியான டிமிட்ரோ யாரோஷ் 37 சதவீதம் வாங்கி முன்னிலையில் இருப்பதாக அது காட்டும். முடிவுகள் வெளியாவதற்குச் சற்று முன்பு அதைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டார்கள். ஆனாலும் அன்றிரவு ரஷ்யத் தொலைக்காட்சியின் முதல் அலைவரிசை, ஆணையத்தின் பக்கத்தில் வந்ததாகச் சொல்லி அதே 37 சதவீதத்தை ஒளிபரப்பியது. யாரோஷ் உண்மையில் வாங்கியது ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த நாடகம் எடுபடாமல் போனதற்குக் காரணம், வாக்குகள் காகிதத்தில் இருந்ததுதான். திரையில் என்ன எண் வந்தாலும் பெட்டியில் இருக்கும் சீட்டு மாறாது.

அதனால்தான் தகவல் தொழில்நுட்பத்தில் யாருக்கும் சளைக்காத நெதர்லாந்து, 2017 தேர்தல் வாக்குகளைக் கையால் எண்ணப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு பிரான்ஸ், வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்குத் தந்திருந்த இணைய வாக்குரிமையை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்திவைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2019 வரை காகிதச் சான்றே இல்லாத இயந்திரங்களை நம்பியிருந்தது. 2020 அதிபர் தேர்தலில் அங்கே வித்தியாசம் 12,000 வாக்குகளுக்கு அருகில் நின்றது. மாநிலம் முழுவதும் சுமார் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்த்தார்கள், வென்றவர் மாறவில்லை. பழைய இயந்திரங்களாக இருந்திருந்தால் எண்ணிப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது.

எண்ணிக்கையைவிடச் சிக்கலானது மனத்தை மாற்றும் வேலை. 2016 மே 21 அன்று ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் இரண்டு கூட்டம் கூடியது. டெக்சாஸில் இஸ்லாம் பரவக் கூடாது என்று ஒரு கூட்டம். இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று எதிர்க்கூட்டம். முதல் கூட்டத்தை அழைத்தது ‘ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்ற ஃபேஸ்புக் பக்கம். எதிர்க்கூட்டத்தை அழைத்தது ‘யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பக்கம். இரண்டையும் நடத்தியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே ரஷ்ய நிறுவனம். இதற்கு ஆன விளம்பரச் செலவு சுமார் 200 டாலர் என்று அமெரிக்க செனட் விசாரணையில் சொன்னார்கள். தெருவில் நின்று கத்திய அத்தனை பேரும் அமெரிக்கர்கள். அவர்கள் கோபமும் நிஜம். அந்நியர் கொண்டுவந்தது தீக்குச்சியை மட்டும்தான்.

இப்படிப்பட்ட வேலையைத் தடைச்சட்டத்தால் மட்டும் நிறுத்துவது கடினம். 2017 பிரெஞ்சுத் தேர்தல் வேறொரு வழியைக் காட்டுகிறது. மே 5, வெள்ளிக்கிழமை இரவு, பிரசாரம் ஓயச் சில மணி நேரமே இருந்தபோது, இமானுவல் மக்ரோன் அணியிடமிருந்து திருடிய சுமார் 9 ஜிகாபைட் மின்னஞ்சல்களும் கோப்புகளும் இணையத்தில் கொட்டப்பட்டன. பிரெஞ்சுச் சட்டப்படி வெள்ளி நள்ளிரவு முதல் ஞாயிறு வாக்குப்பதிவு முடியும் வரை பிரசாரம் கூடாது. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு மக்ரோன் தரப்பு ஓர் அறிக்கையை விட்டது: திருட்டு நடந்திருக்கிறது, அசலோடு போலியும் கலந்திருக்கிறது. திருடர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போலி ஆவணங்களை வேண்டுமென்றே போட்டு வைத்திருந்ததாக அவருடைய கணினிப் பிரிவுத் தலைவர் பின்னால் சொன்னார். பிரசாரத்தைக் கண்காணிக்கும் ஆணையம், இவற்றை வெளியிட வேண்டாம் என்று மறுநாள் ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய பத்திரிகைகள் கேட்டன. இதில் எதுவும் தாக்குதலுக்குப் பிறகு அவசரமாகச் செய்த சட்டம் அல்ல. பிரசார ஓய்வு விதி ஏற்கெனவே இருந்தது, ஆணையமும் இருந்தது.

திருடியது யார் என்ற கேள்விக்கு அரசு அதிகாரபூர்வமாகப் பதில் சொன்னது 2025 ஏப்ரலில்: ரஷ்ய ராணுவ உளவுத்துறை. எட்டு ஆண்டு ஆகியிருந்தது. யார் என்று கண்டுபிடித்த பிறகு நடவடிக்கை எடுக்கலாம் என்று காத்திருக்கும் ஏற்பாடு எதற்கும் உதவாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

தலையீட்டை மக்களிடம் யார் சொல்வது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டிய ஒன்று. 2016இல் ரஷ்யத் தலையீட்டை வெளியே சொல்ல ஒபாமா அரசு பல மாதம் தயங்கியது. ஆளும் கட்சி தன் வேட்பாளருக்காகப் பேசுகிறது என்ற பழி வரும் என்பது அதன் பயம். அக்டோபர் 7இல் ஒருவழியாக அறிக்கை வந்தது. அன்றே டிரம்பின் ஆபாசப் பேச்சு அடங்கிய ஒலிப்பதிவும், கிளின்டன் பிரசாரத் தலைவரின் திருடப்பட்ட மின்னஞ்சல்களும் வெளியாகி அறிக்கையை மூழ்கடித்தன. இதைப் பார்த்த கனடா, 2019 முதல் அந்தப் பொறுப்பைத் தேர்தல் காலத்தில் ஐந்து மூத்த அரசு அதிகாரிகளின் குழுவிடம் கொடுத்தது. அதில் அமைச்சர் எவரும் இல்லை. ஆனால் அறிவிப்பதற்கான அளவுகோலை மிக உயரத்தில் வைத்துவிட்டதால், 2019இலும் 2021இலும் குழு வாயே திறக்கவில்லை. சீனத் தலையீடு பற்றிய தகவல்கள் பின்னர் பத்திரிகைகளில் கசிந்து, நீதிபதி மரி-ஜோசே ஹோக் தலைமையில் விசாரணை வரை போனது. எந்தத் தேர்தலிலும் ஆட்சி யாருக்கு என்பது மாறவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய தொகுதிகளில் பாதிப்பு இருந்திருக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. 2025 தேர்தலில் அதிகாரிகள் வாரந்தோறும் பத்திரிகையாளர்களைச் சந்தித்துக் கண்டதைச் சொன்னார்கள். அது மேலான ஏற்பாடு.

கடைசியாகப் பணம். மால்டோவாவில் 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 50.35 சதவீதம், வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள். வங்கி மோசடியில் தண்டனை பெற்று நாட்டைவிட்டு ஓடிய தொழிலதிபர் இலான் ஷோரின் ஆட்கள், ரஷ்ய அரசு வங்கி ஒன்றின் வழியாக 1,30,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணப் பட்டுவாடா செய்ததாக மால்டோவா போலீஸ் கூறியது. வாக்காளர் வாங்கும் காசு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை வாங்குகிறவர் பார்ப்பதில்லை.

அந்நியக் காசுக்கான வாசலை மூடுவதில் சட்டம் இயற்றுகிறவர்களுக்கே எப்போதும் ஆர்வம் இருப்பதில்லை. இந்தியாவில் வேட்பாளரும் கட்சியும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பா.ஜ.க.வும் காங்கிரசும் அந்தச் சட்டத்தை மீறியதாக 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016, 2018 நிதிச் சட்டங்கள் வழியாக வெளிநாட்டு நிறுவனம் என்பதற்கான வரையறையே மாற்றப்பட்டது, அதுவும் 1976 முதல் முன்தேதியிட்டு. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே நேரத்தில் பயனடைந்த அபூர்வமான திருத்தம் அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபர் 10 முதல் புதிய அரசியல் விளம்பர விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. விளம்பரத்துக்கு யார் பணம் தந்தார், எவ்வளவு என்று காட்ட வேண்டும். தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதம் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் பணம் போட முடியாது. காசு வாங்கிக்கொண்டு பேசும் இணையப் பிரபலங்களுக்கும் இது பொருந்தும். கூகுளும் மெட்டாவும் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அங்கே அரசியல் விளம்பரம் வாங்குவதை நிறுத்திக்கொண்டன. ஆக, கணக்குக் காட்டிச் செய்த விளம்பரம் பெருமளவு போய்விட்டது. கணக்கில் வராத பேச்சு மிச்சமிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அபராதம் போட வேண்டியது அந்தந்த நாட்டு அதிகாரிகளின் வேலை.