கல்லுக்குள் தாய்

பெங்களூர் மர்பி டவுன் போன்ற தமிழர் பகுதிகளில் மரத்தடிக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் போதும், அது அம்மன். வழக்கம் எவ்வளவு பழசு?

மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில் உள்ள பாகோரில், 1980களின் தொடக்கத்தில் ஜி.ஆர். சர்மா, டெஸ்மண்ட் கிளார்க் குழுவினர் ஒரு கல்மேடையையும் உடைந்த முக்கோணக் கல்லையும் தோண்டியெடுத்தார்கள். வயது சுமார் 10,000 ஆண்டுகள். அமைத்தவர்கள், எழுத்தறியாத வேட்டைக்காரர்கள்.

அக்கம்பக்கத்துக் கோல், பைகா பழங்குடியினர் அதே மாதிரிக் கல்லை மேடையில் வைத்து 'மாயி' என்று கும்பிடுவதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். இருந்தும் 'வழிபாட்டிடம்' என்று சொல்லும் தங்கள் கட்டுரைத் தலைப்பின் முடிவில் கேள்விக்குறி போட்டார்கள். நேர்மையான எச்சரிக்கை.

பசிக்கு உதவாத கல்லுக்கு மேடை எதற்கு? பயமா, நன்றியா, பிள்ளை வரமா? பாகோர் சொல்லவில்லை. மஞ்சள் பூசும் பெண்ணைக் கேட்டால், மூன்றும்தான் என்பார்.