பெயின்ட்டை விட்டு வெல்டிங்கைப் பாருங்கள்
அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் பொதுவாக லாரி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து 80,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. சுமார் 36 டன். டிரெய்லரின் எடை குறையக் குறைய மணலோ தானியமோ கூடுதலாக ஏற்றலாம். பழைய அலுமினிய டிப்பர் டிரெய்லருக்குக் கிராக்கி இருப்பது இதனால்தான். ஆனால் எடையை மட்டும் கேட்டு விலை பேசுவது தவறு என்பேன். வெல்டிங் சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கை ஒட்டித்தான் கிளம்பும். கீல் பக்கமும் ஹைட்ராலிக் சிலிண்டர் பொருந்தும் இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். இரும்பு போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அதை வேகப்படுத்தும். தொட்டியை முழுக்கத் தூக்கச் சொல்லி, எட்ட நின்று, சிலிண்டரின் ஒவ்வொரு அடுக்கும் எண்ணெய் கசியாமல் நேராக நீள்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் இல்லாத மாடல் இன்னும் லேசு. ஆனால் மேடுபள்ளத்தில் தொட்டியைத் தூக்கினால் பக்கவாட்டில் சாயும் அபாயம் அதிகம். டிரைவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. உடைத்த கான்கிரீட்டும் பாறையும் ஏற்றுபவருக்கு, எடை கூடினாலும் இரும்புத் தொட்டியே சரி.