விலைப்பட்டியலுக்குப் பணம் செலுத்தும் ஏஐ முகவர்கள்: தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு?

மென்பொருளே விலைப்பட்டியலைப் படித்து, கைவசமுள்ள கிரிப்டோ டோக்கனை வேறொரு டோக்கனாக மாற்றி, உரியவருக்குப் பணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. இதன் வேகம் குறித்தே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால், இந்தியாவைப் பொருத்தவரை, அந்தப் பரிவர்த்தனையின் வரிக்கும் தவறுக்கும் யார் பொறுப்பு என்பதே முதன்மையான கேள்வி.

செயல்படும் விதம்

இணையத்தின் ஹெச்டிடிபி நெறிமுறையில், 'கட்டணம் தேவை' என்று பொருள்படும் 402 என்ற குறியீடு 1990-களிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது. நீண்டகாலம் பயன்பாடின்றிக் கிடந்த அதனை அடிப்படையாகக் கொண்டு, 'எக்ஸ்402' என்ற கட்டண முறையை அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம் 2025 மே மாதம் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஏஐ முகவர்களுக்கான கட்டண நெறிமுறையை கூகுள் அறிவித்தது.

டாலர் மதிப்புடன் பிணைக்கப்பட்ட 'யுஎஸ்டிசி' டோக்கனில் தொகை கோரப்பட்டு, நிறுவனத்தின் மின்பணப்பையில் 'ஈதர்' மட்டும் இருப்பதாகக் கொள்வோம். ஏஐ முகவர், யூனிஸ்வாப் போன்ற பரவலாக்கப்பட்ட சந்தையில் ஈதரைக் கொடுத்து யுஎஸ்டிசி பெற்று, தொகையைச் செலுத்திவிடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரி

இந்தியச் சட்டத்தின் பார்வையில் இது வெறும் பணம் செலுத்துதல் அல்ல. மெய்நிகர் எண்ம சொத்துகளைக் கைமாற்றுவதால் கிடைக்கும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. ரூ.40,000-க்கு வாங்கிய ஈதர், மாற்றும் நேரத்தில் ரூ.44,000 மதிப்புடையதாக இருந்தால், லாபமான ரூ.4,000-க்கு ரூ.1,200 வரி, செஸ் தனி. வேறொரு பரிவர்த்தனையில் இழப்பு ஏற்பட்டிருந்தால், அதனை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ள இயலாது.

இதுதவிர, 2022 ஜூலை 1 முதல், குறிப்பிட்ட வரம்பைக் கடக்கும் பரிவர்த்தனைகளுக்கு 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. டோக்கனுக்கு டோக்கன் மாற்றும்போதும் இது பொருந்தும். ஆனால், பரவலாக்கப்பட்ட சந்தையில் எதிர்த்தரப்பில் இருப்பது பெயரும் பான் எண்ணும் கொண்ட ஒருவர் அல்ல. பலரது டோக்கன்கள் சேர்ந்த ஒரு தொகுப்பே. முகவர் நாளொன்றுக்கு நூறு முறை டோக்கன் மாற்றினால், நூறு கணக்குப் பதிவுகளை நிறுவனம் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி முகவர் என்பவர் ஒரு 'நபர்'. மென்பொருள் அந்த வரையறைக்குள் வராது. மறுபுறம், ஒருவர் சார்பில் தானாக இயங்குமாறு அமைக்கப்பட்ட கணினி அமைப்பு அனுப்பும் மின்னணுப் பதிவு, அவரே அனுப்பியதாகக் கருதப்படும் என்கிறது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம். ஆகவே, 'ஏஐ செய்த தவறு' என்று கூறி உரிமையாளர் எளிதில் விலகிவிட முடியாது.

தவறுக்கான வாய்ப்பும் குறைவல்ல. போலி விலைப்பட்டியலுக்குள் மறைத்து எழுதப்படும் கட்டளையை, உரிமையாளரின் உத்தரவாகவே முகவர் எடுத்துக்கொள்ளக்கூடும். வங்கி அட்டையில் தவறான கட்டணத்தை எதிர்த்து முறையிட வழியுண்டு. பிளாக்செயினில் உறுதியான பரிவர்த்தனையைத் திரும்பப் பெற, பணத்தைப் பெற்றவரின் மனமே துணை.

யுபிஐ காட்டும் வழி

2025 அக்டோபரில், சாட்ஜிபிடி வழியாக யுபிஐ மூலம் பொருள்கள் வாங்கும் முன்னோட்டத் திட்டத்தை இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம், ரேஸர்பே, ஓபன்ஏஐ ஆகியவை அறிவித்தன. குறிப்பிட்ட வணிகருக்காகக் குறிப்பிட்ட தொகையைப் பயனாளர் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் வசதி இதில் பயன்படுத்தப்படுகிறது. மென்பொருள் எவ்வளவு விரைவாகச் செயல்பட்டாலும், எல்லையை வகுப்பவர் மனிதரே.

கிரிப்டோ முகவர்களைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கும் இதுவே பாடம். செலவு வரம்பு, அனுமதிக்கப்பட்ட பெறுநர் பட்டியல், பெருந்தொகைக்கு மனித ஒப்புதல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூபாய் மதிப்பிலான பதிவு ஆகிய நான்கும் இல்லாமல் மின்பணப்பையின் சாவியை மென்பொருளிடம் ஒப்படைப்பது, தொகை நிரப்பாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.