ஒரு சதுரம் பின்னுவோமா?



வீட்டில் தம்பிப் பாப்பாவோ தங்கச்சிப் பாப்பாவோ பிறந்தால் என்ன பரிசு கொடுப்பீர்கள்? "அப்பாவிடம் சொல்லி கிலுகிலுப்பை வாங்குவேன்" என்பீர்கள். நல்லதுதான். ஆனால், அது அப்பாவின் காசு, அப்பாவின் பரிசு. உங்களுடையது என்று கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? இரண்டு கைகளும், பள்ளி விட்டு வந்தபின் கொஞ்சம் நேரமும் இருக்கின்றன. அவை போதும், ஒரு குட்டிப் போர்வை பின்னிவிடலாம்!

"நம்ம ஊர் வெயிலுக்குப் போர்வையா?" என்று அண்ணனூரில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அம்மாவின் வயிற்றுக்குள் சுமார் 37 டிகிரி செல்சியஸ் கதகதப்பில் இருந்த பாப்பா, பிறக்கும்போது உடம்பெல்லாம் ஈரமாக வருகிறது. ஈரம் காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே நின்றால் உங்களுக்கே குளிர்கிறது அல்லவா? நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பிறந்த குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. அதனால்தான் உடனே துடைத்து, அம்மாவின் மார்போடு சேர்த்து, மேலே துணியால் மூடுகிறார்கள். எடை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் பாப்பாக்களுக்கு இந்தக் கதகதப்பு இன்னும் அவசியம். நம் பாட்டிமார் பழைய பருத்திப் புடவையைத் துவைத்து மடித்து வைத்ததும் இதற்காகத்தான்.

பின்னல் என்றால் பயப்பட வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் பனியனை உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். திருப்பூரில் இயந்திரம் செய்யும் அதே வேலையை இரண்டு ஊசிகளை வைத்துக் கையாலும் செய்யலாம். குரோஷாவுக்குக் கொக்கி வைத்த ஒரே ஊசி போதும். அதில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணியைத்தான் கவனிக்க வேண்டும். எனவே, புதிதாகக் கற்பவர்களுக்கு அது சுலபம். தப்பாகிவிட்டதா? நூலை இழுத்தால் பிரிந்துவிடும். தப்பு நடந்த இடம் வரை பிரித்து, மறுபடி பின்னலாம். நூல் வீணாகாது!

இப்படி ஒவ்வொரு கண்ணியாகப் பின்னியே உலக சாதனை படைத்திருக்கிறார்கள் நம் சென்னையில்! சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வையை உருவாக்கி கின்னஸில் இடம் பிடித்தார்கள். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒரு பெரிய கால்பந்து மைதானத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! பல வீடுகளில் பலர் தனித்தனியாகப் பின்னியவற்றை ஒன்றாக இணைத்துத்தான் அதைச் செய்தார்கள். சாதனை முடிந்ததும் அதை அழகுக்காகப் பூட்டி வைக்கவில்லை. சிறு போர்வைகளாகப் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். சாதனையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தக் கொடைதான்.

"இது பெண் பிள்ளைகள் வேலை" என்று எந்தப் பையனாவது முணுமுணுக்கிறானா? காசிமேட்டுக்குப் போய்ப் பார், தம்பி! அங்கே அண்ணன்மார்களும் தாத்தாக்களும் உட்கார்ந்து வலையைப் பின்னிச் சரிசெய்வார்கள். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் நினைவாக ஏழைகளுக்குப் போர்வை பின்னும் இயக்கம் ஒன்று 2013-ல் தொடங்கியது. சிறையில் இருந்த ஆண்களும் அதில் சேர்ந்து பின்னினார்கள்.

பரிசு என்பது நம் பெருமைக்கு அல்ல, வாங்குகிறவரின் சுகத்துக்கு. ஆகவே, சில விஷயங்களை மறக்காதீர்கள். நம் ஊருக்கு உல்லன் நூல் வேண்டாம். மெல்லிய பருத்தி நூலே நல்லது. பாப்பாவின் விரல் மாட்டாதபடி நெருக்கமாகப் பின்னுங்கள். மணி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். பாப்பா வாயில் போட்டுக்கொள்ளும். துவைத்துக் காயவைத்த பிறகே கொடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது போர்வையைத் தளர்வாகப் போட்டு வைக்கக் கூடாது, முகத்தை மூடிவிடலாம். பெரியவர்கள் கையில் ஏந்தியிருக்கும்போது சுற்றிக்கொள்ளத்தான் அது.

முழுப் போர்வையை நினைத்து மலைக்க வேண்டாம். இந்த வாரம் உள்ளங்கை அளவில் ஒரே ஒரு சதுரம் பின்னுங்கள். பின்னத் தெரிந்த அத்தையோ பாட்டியோ உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்தால் வாரத்துக்கு நான்கு சதுரம். ஒன்பது வாரத்தில் முப்பத்தாறு! எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் பாப்பாவுக்கு ஒரு போர்வை தயார். அந்தப் பாப்பா உங்களைப்போல் வளர்ந்த பிறகு, "இது அண்ணன் பின்னியது, இது அக்கா பின்னியது" என்று ஒவ்வொரு சதுரமாகத் தொட்டுக் காட்டும்.

எங்கே, ஊசியை எடுங்கள் பார்க்கலாம்!