பிளாஸ்டிக் விமானம் என்ற பயம்

"இப்ப வர்ற பிளேனெல்லாம் பிளாஸ்டிக்காமே!" தஞ்சோங் பகார் பிளாசா காப்பிக்கடையில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் சிரிக்க வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் போயிங் 787-10 விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய பாதி கூட்டுப்பொருள். ஏர்பஸ் ஏ350-ல் அது 53 விழுக்காடு. கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்குக்கு ஒரு திசையாகப் படியவைத்து, அழுத்தமும் வெப்பமும் கூட்டிய பெரிய கலனுக்குள் இறுகவைத்து எடுக்கிறார்கள். பிசின் பிளாஸ்டிக் இனம்தான். பாரத்தைத் தாங்குவது இழை. இழுவிசை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமாக இழையை ஓடவிடலாம். அலுமினியத் தகட்டில் அந்த வசதி கிடையாது.

உலோகமாக இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் 1954-ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து லண்டன் கிளம்பிய பிஓஏசி நிறுவனத்தின் காமெட் விமானம், வழியில் பல ஊர்களில் இறங்கி ஏறி, 10ஆம் தேதி ரோமிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் எல்பா தீவருகே கடலில் சிதறி விழுந்தது. 35 பேரும் இறந்தனர். பயணிகள் சேவைக்கு வந்த முதல் ஜெட் ரகம் அது, உடல் அலுமினியக் கலவை. ஏப்ரலில் இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். முன்பு பறந்த கணக்கும் தொட்டிக் கணக்கும் சேர்ந்து 3,000 சுற்றைத் தாண்டியபோது உடல் கிழிந்தது. விமானம் மேலே போகும்போது அதன் உடல் லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். திறப்புகளின் மூலைகளில் விசை குவிந்து, ஆணித் துளையோரம் மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் ஓடிப் பிளந்துவிடுகிறது. உலோகக் களைப்பு என்பது இதுதான். கலவை மட்டமானதல்ல, அது எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்குத்தான் தப்பு.

கார்பன் கூட்டுப்பொருளை இந்தக் களைப்பு அவ்வளவாக அண்டுவதில்லை, துருவும் பிடிக்காது. அதனால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்க முடிகிறது. பழைய விமானங்களில் 8,000 அடி மலைமேல் உட்கார்ந்திருப்பது போன்ற காற்று. 787-ல் 6,000 அடிக்குரிய காற்று. இறங்கியதும் தலைவலி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொல்லைகளும் உண்டு. ஈரத்தில் கார்பனைத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். ஆகவே அந்த இடங்களில் விலை கூடிய டைட்டானியம். மின்னலைக் கடத்த மேற்பரப்பில் மெல்லிய உலோக வலை. தீப்பிடித்தால்? 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ஒன்று ஓடுபாதையில் மோதி எரிந்து சாம்பலானது. அதிலிருந்த 379 பேரும் அதற்குள் வெளியேறிவிட்டார்கள்.

உண்மையான சிக்கல் வேறு. சரக்கு ஏற்றும் வண்டி இடித்தால் அலுமினியம் நசுங்கும், பள்ளம் கண்ணுக்குத் தெரியும். கார்பன் உடலோ பழைய வடிவத்துக்கே மீண்டு வழவழவென்று நிற்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். சந்தையில் மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, தொழில்நுட்பர்களும் சிறு சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்கிறார்கள். சந்தேகம் வந்தால் மீயொலிக் கருவி. ஆனால் எங்கே தட்டுவது என்பதை, இடித்தவர் வாய் திறந்தால்தான் உடனே அறிய முடியும்.

ஆகவே "பிளாஸ்டிக்கா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இடித்ததைச் சொன்னவருக்கு என்ன நடக்கும்?" என்று கேட்போம். விமான நிலையத் தரைப்பணியில் இருப்பவர் "வண்டி லேசா உரசிடுச்சு" என்று சொன்ன அடுத்த நிமிடம் சம்பளப் பிடித்தமும் எச்சரிக்கைக் கடிதமும் வருமென்றால், அடுத்தவர் சொல்லமாட்டார். வேண்டுமென்றே செய்த அலட்சியத்தைத் தண்டியுங்கள். தானாக வந்து சொன்னவரைத் தண்டிக்காதீர்கள், அவர் ஒப்பந்த ஊழியராக இருந்தாலும்.